சோடா லைம் மாற்றிய பிறகும் கேப்னோகிராம் கோடு கீழே இறங்கவில்லையா?

மயக்க மருந்து இயந்திரத்தில், நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் குருணைதான் சோடா லைம். மூச்சிலுள்ள அந்த வாயுவின் அளவைத் திரையில் கோடாகக் காட்டுவது கேப்னோகிராம். சோடா லைம் மாற்றி அரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது கோடு பூஜ்யத்தைத் தொடாமல் மிதக்கிறது. பெரும்பாலும் குருணைமேல் தப்பில்லை, கொட்டிய விதத்தில்தான் தப்பு.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த தூசு கண்ணைப் பொசுக்கிவிடும். இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவில் மாற்றுவதே நிம்மதி. பழையதைக் கொட்டியதும், குருணை இருக்கும் கேனிஸ்டர் டப்பாவின் விளிம்பையும் ரப்பர் கேஸ்கெட்டையும் ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே ஒரு குருணை சிக்கினாலே கசியும்.

அடுத்தது நிரப்புவது. ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு கொட்டி, உள்ளங்கையால் பக்கவாட்டில் சுற்றிலும் தட்டுங்கள். மட்டம் இறங்கும். மறுபடி கொட்டி, மறுபடி தட்டி, குறியிட்ட கோடு வரை கொண்டுவாருங்கள். விரலால் அழுத்தவே கூடாது. குருணை உடைந்து தூசாகி மூச்சுக்குத் தடை கூட்டும். பையின் அடியில் தங்கும் தூசும் உள்ளே போக வேண்டாம்.

இவ்வளவு தட்டுவானேன்? தளர்வாக நிரப்பினால் வாயு குருணைக்குள் நுழையாமல், சுவரோரம் இருக்கும் இடைவெளியில் நழுவி ஓடிவிடும். தீர்ந்த குருணை ஊதாவாகும். ஒரு பக்கம் மட்டும் ஊதா நிறம் பட்டையாக இறங்கி, நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தால் இதுதான் நடக்கிறது. 100 கிராம் சோடா லைம் ஏட்டுக் கணக்கில் 26 லிட்டர் வரை கரியமில வாயுவை உறிஞ்ச வேண்டும்; நடைமுறையில் 10 முதல் 20 லிட்டரோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூடியதும் கசிவுச் சோதனை: அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ஏ.பி.எல். வால்வை மூடி, நோயாளியின் பக்கம் இரு குழாய்களும் சேரும் ஒய் துண்டை அடைத்து, 30 செ.மீ. நீர் அழுத்தம் ஏற்றுங்கள். 10 விநாடி இறங்காமல் நிற்க வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். குருணையில் கலந்திருக்கும் எத்தில் வயலட் சாயம், கார அளவு (pH) 10.3-க்குக் கீழே போனால் ஊதாவாகும். ஓய்வில் விட்டால் மீண்டும் வெளுக்கும். குழல்விளக்கு வெளிச்சத்திலும் வெளுக்கும். ராத்திரி ஊதா, காலையில் வெள்ளை என்றால் அது புதுசாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளிழுக்கும் கரியமில வாயு 5 மி.மீ. பாதரசத்தை எட்டினால் மாற்றிவிடுங்கள், நிறம் என்ன சொன்னாலும் சரி.

ஊதாவாகாமலே கெடுவதும் உண்டு, அதுதான் ஆபத்து. வார இறுதி முழுக்க ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருந்தால் குருணையின் ஈரம் காய்ந்துவிடும். காய்ந்ததன்மேல் டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு பட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு என்றால் கேனிஸ்டர் கொதிக்கும். திங்கட்கிழமை காலை, வாயு ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர் திறந்தே கிடந்ததைப் பார்த்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலக்காத வகையை வாங்குவதே என் தேர்வு. இந்தத் தொல்லை அதில் குறைவு.

புதிதாகக் கற்பவர்களுக்கு, தட்டும் வேலையே இல்லாத முன்கூட்டி அடைத்த கார்ட்ரிட்ஜ்தான் வசதி. ஆனால் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மறந்தால் மூச்சு சுற்றிவரும் சர்க்யூட் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

பிற்சேர்க்கை: சிகிச்சை நடுவே கோடு ஏறினால் ஃப்ரெஷ் கேஸ் ஃப்ளோவை (இயந்திரம் புதிதாக அனுப்பும் வாயுவை), நோயாளி ஒரு நிமிடத்தில் விடும் மூச்சின் மொத்த அளவுக்கு மேல் கூட்டுங்கள். கோடு பூஜ்யத்துக்கு இறங்கினால் சோடா லைம்தான் தீர்ந்திருக்கிறது. இறங்க மறுத்தால், மூச்சை ஒரே திசையில் மட்டும் போகவிடும் ஒருவழி வால்வைத் திறந்து பாருங்கள்: அதன் தட்டு ஈரத்தில் ஒட்டியிருக்கும், இல்லை கோணலாக உட்கார்ந்திருக்கும்.