இன்சூரன்ஸ் இருந்தும் டிக்கெட்டா? ஃபைன் கட்டும் முன் இதைச் செய்யுங்கள்

கலிஃபோர்னியாவில் போலீஸ்காரர் காரை நிறுத்துகிறார், கிளவ் பாக்ஸைக் குடைந்தால் போன வருஷத்து இன்சூரன்ஸ் கார்டுதான் வருகிறது, போனில் காட்டலாம் என்றால் ஆப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. எனக்கு நடந்தது இதுதான். 2013-லிருந்தே போனில் காட்டலாம் என்று சட்டம் இருக்கிறது, அதில் இன்சூரன்ஸைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கக் கூடாது (ஆனால் போன் கீழே விழுந்து உடைந்தால் நஷ்டம் நம்முடையது!). பாஸ்வேர்டு இல்லாதவனுக்கு இதனால் என்ன பயன்? 16028(ஏ), அதாவது இன்சூரன்ஸ் ஆதாரம் காட்டாததற்கான சட்டப்பிரிவு, என்று எழுதி டிக்கெட்டை (அபராதச் சீட்டை) கையில் கொடுத்துவிட்டார்.

ஃபைனை உடனே கட்டித் தொலைக்காதீர்கள், கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். முதல் தடவைக்குச் சட்டத்தில் 100 முதல் 200 டாலர்தான், ஆனால் அதன் மேல் ஏறும் கூடுதல் கட்டணங்களைச் சேர்த்தால் தொகை பல மடங்காகும். டிக்கெட் நேரத்தில் இன்சூரன்ஸ் இருந்தது என்று கோர்ட்டில் காட்டினால் கேஸை டிஸ்மிஸ் (தள்ளுபடி) செய்துவிடுவார்கள், அதற்கான வழி இதுதான்.

1. தேதியைப் பாருங்கள்

டிக்கெட் எழுதிய அந்த நேரத்தில் பாலிசி நடப்பில் இருந்ததா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. தவணை கட்டாமல் பாலிசி ரத்தாகி, டிக்கெட் வாங்கிய மறுநாள் ஓடிப்போய்ப் புதிதாக எடுத்திருந்தால் இந்த வழி உதவாது. ஜட்ஜிடம் நிலைமையைச் சொல்லி ஃபைனைக் குறைக்கக் கேட்கலாம், அவ்வளவுதான். தேதியைத் திருத்திக் காட்டும் யோசனை மட்டும் வேண்டாம், அது தனிக் குற்றம், 750 டாலர் வரை ஃபைனும் 30 நாள் வரை சிறையும் உண்டு.

2. சரியான காகிதத்தை வாங்குங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். டிக்கெட் வாங்கிய சில நாளில் என் ஆறு மாத பாலிசி புதுப்பிக்கப்பட்டது. ஆப்பில் தெரிந்த கார்டை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன், கோர்ட் கிளர்க் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது டிக்கெட்டுக்கு அப்புறம் தொடங்குதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆப் நடப்புக் காலத்தை மட்டும் காட்டியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதனால் ஏஜெண்டைக் கூப்பிட்டு, டிக்கெட் தேதியில் பாலிசி இருந்தது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் கேளுங்கள். பெயர், பாலிசி எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, காரின் வின் நம்பர் (காருக்கான தனி அடையாள எண்) எல்லாம் அதில் இருக்கட்டும். வின் நம்பரை ரெஜிஸ்ட்ரேஷனோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பரின் காரை ஓட்டியிருந்தால், அந்தக் காருக்கு அவர் எடுத்த பாலிசியின் காகிதம் வேண்டும்.

3. கிளர்க்கிடம் கொடுங்கள்

ஜட்ஜ் முன் நிற்கத் தேவையில்லை. டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்குள் நேரில் போய்க் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். தபால் என்றால் நகலை அனுப்புங்கள், ஒவ்வொரு தாளிலும் டிக்கெட் எண்ணை எழுதுங்கள், போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வரும்படி அனுப்புங்கள். ஆவணம் சரியாக இருந்தால் 25 டாலர் கட்டணத்தோடு கேஸ் டிஸ்மிஸ். அதே டிக்கெட்டில் ஸ்பீடிங்கும் இருந்தால் அது தனிக் கணக்கு, அதை இந்தக் கடிதம் காப்பாற்றாது.

4. கிளர்க் ஏற்கவில்லை என்றால்

'குற்றவாளி இல்லை' என்று பதிவு செய்து விசாரணை கேளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் டிஆர்-205 படிவத்தில் எழுத்து மூலமாகவே வாதாடலாம். ஃபைன் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும், ஜெயித்தால் திரும்ப வரும். தோற்றாலும் 20 நாளுக்குள் டிஆர்-220 படிவம் கொடுத்துப் புது விசாரணை கேட்க வழியிருக்கிறது.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கும் அடிப்படை இதுதான், டிக்கெட் நேரத்தில் செல்லுபடியான பாலிசி இருந்ததைக் காட்டினால் கேஸ் நிற்காது. அங்கே முதல் தடவை ஃபைன் 175 முதல் 350 டாலர்.

எல்லாம் கொடுத்து இரண்டு வாரம் போனதும் கோர்ட் இணையதளத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் டிஸ்மிஸ் என்று வராவிட்டால், கெடு தேதிக்கு முன்பே போன் செய்துவிடுங்கள்.