மாவு மில் அண்ணாச்சியின் மீட்டரை எண்ணிப் பாருங்கள்

முக்கூடலோ சேரன்மகாதேவியோ, உங்கள் ஊரிலும் ஒரு மாவு மில் இருக்கும். அதற்குக் கரன்ட் கொடுக்க அனல்மின் நிலையம் கக்கும் கரிப்புகையைக் குறைக்க நினைத்தால், ‘கார்பன்’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கினேன். மில்லுக்கார அண்ணாச்சி மிளகாயைத் தள்ளிவிட்டபடியே, கரன்ட் பில் குறையுமா என்று மட்டும் கேட்டார். கேள்வி சரிதான். வள்ளியூர்ப் பக்கம் அத்தனை காற்றாலைகள் சுற்றினாலும், நம் கம்பியில் வருவது நிலக்கரியும் கலந்த மின்சாரம். ஒரு யூனிட் மிச்சமானால் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு குறையும்.

1. ஓராண்டு பில்களை வாங்கி, யூனிட்டுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. மற்ற விளக்கு, விசிறிகளை அணைத்துவிட்டு, தானியம் போடாமல் இயந்திரத்தை ஓடவிடுங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் முகப்பிலேயே இருக்கும். அந்த எண் 1600 என்று வையுங்கள். நிமிடத்துக்கு 40 தடவை மினுக்கினால் மணிக்கு 2400. அதாவது ஒன்றரை யூனிட். ஒரு பிடி மாவுகூட அரைக்காமல்! தினம் ஒரு மணி நேரம் இப்படி ஓடினால், 26 நாளில் 39 யூனிட். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அண்ணாச்சியிடம் காட்டுங்கள்; பேசியே புரியவைக்க முடியாது.

3. அதற்காக மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடவும் கூடாது, அது மோட்டாருக்கு ஆகாது. தூக்குவாளிகளை வரிசையில் வைத்து, முதலில் கோதுமை எல்லாம், பிறகு அரிசி, பிறகு மிளகாய் என்று வகைவகையாக, இடைவெளி விடாமல் அரைக்கச் சொல்லுங்கள்.

4. பெல்ட் தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டவேண்டும்.

5. மோட்டார் எரிந்துபோனால், திரும்பத் திரும்பக் காயில் கட்டுவதைவிட கரன்ட்டைக் குறைவாக இழுக்கும் ஐஇ3 (IE3) வகைப் புது மோட்டார் நல்லது. எரிந்த அன்றைக்கு யோசிக்க நேரமிருக்காது; விலையை இப்போதே விசாரித்து வையுங்கள்.

6. சோலார் கடைசியில்தான். விற்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி மொட்டைமாடி வேண்டும். நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 5 எச்.பி. மோட்டார் முழுப் பாரத்தில் ஒரு மணி நேரம் ஓடவே அது சரியாகிவிடும். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு ஏச்சு உங்களுக்குத்தான்.

கடன், மானியம் பற்றிக் கேட்க மாவட்டத் தொழில் மையத்துக்கு அண்ணாச்சியோடு நீங்களும் போங்கள். கையில் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கட்டும். இணையத்தில் அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தரகரிடம் போகவேண்டாம்.