வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்கள் அரசின் வீட்டு உதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி? – வேலூர் மாவட்டத்தினருக்கு

மாதாமாதம் வாடகையில் ஒரு பங்கை அரசே செலுத்தும் பொதுவான திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. கஸ்பாவிலோ கொணவட்டத்திலோ அப்படி ஒன்றை வாங்கித் தருவதாக எவரேனும் முன்பணம் கேட்டால் கொடுத்துவிட வேண்டாம். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழுதடைந்த குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, அங்கிருந்து வெளியேறும் குடும்பங்களுக்கு ரூ.24,000 கருணைத் தொகை வழங்கப்படுகிறது. வாடகைக்கான உதவி என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் அதுதான். மற்ற உதவிகள் பெரும்பாலும் சொந்த வீட்டை நோக்கியவை.

எந்தத் திட்டத்திற்கு விண்ணப்பிப்பது என்பதை உங்கள் பெயரில் மனை இருக்கிறதா, இல்லையா என்பதே முடிவு செய்கிறது. நகர எல்லைக்குள் பட்டா மனை இருந்தால், 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் கீழ் நீங்களே வீடு கட்டிக்கொள்ள மானியம் கோரலாம். அதில் ஒன்றிய அரசின் பங்கு ரூ.1.5 லட்சம். பிழைப்புக்காக வேலூரில் வாடகைக்கு இருந்தாலும் சொந்த ஊரில் மனையும் குடிசையும் உள்ளவர்கள், 360 சதுர அடி வீட்டிற்கு ரூ.3.5 லட்சம் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டம் குறித்து ஊராட்சியில் விசாரிக்கலாம். மனையே இல்லாதவர்கள் வாரியத்தின் அடுக்குமாடி ஒதுக்கீட்டிற்கு மனு கொடுக்க வேண்டும். வங்கிக் கடன் கிடைக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு 2.0 திட்டத்தில் வட்டி மானியமும் உண்டு, அதிகபட்சம் ரூ.1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும்.

2.0 திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்திற்குள் இருந்தால் நலிந்த பிரிவினர். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் ஆகிய எவர் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது.

பெரும்பாலான மனுக்கள் தகுதியால் அல்ல, காகிதத்தால்தான் தேங்குகின்றன. குடும்ப அட்டை குடியாத்தம் முகவரியில் இருக்க, ஆதார் வேறு முகவரியில் இருக்க, குடியிருப்பது வேலூர் சைதாப்பேட்டையில் என்றால், இ-சேவை மையத்தில் கொடுத்த வருமானச் சான்று விண்ணப்பம் உங்களை அறியாத கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சேர்ந்து, 'இவர் இங்கு வசிக்கவில்லை' என்று திரும்பிவிடும். ஆகவே முதலில் முகவரிகளை ஒன்றாக்குங்கள். ஒரு அட்டையில் தந்தை பெயர் முழுதாகவும் இன்னொன்றில் இனிஷியலாகவும் இருந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள். வருமானச் சான்றை அதன் பிறகு வாங்குவதே நல்லது.

முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம் உதவும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். எழுதிக் கொடுத்தால் வீட்டையே உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்று பயப்படும் வீட்டுக்காரரிடம், வாடகையும் காலமும் தெளிவாகப் பதிவாவது தங்களுக்கும் பாதுகாப்பு என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால், குடியிருப்பு வீட்டிற்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பதும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது, நடைமுறையில் பத்து மாதம் கேட்பவர்களும் உண்டு.

காகிதங்கள் சரியானதும், 2.0 திட்டத்திற்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். வாரிய ஒதுக்கீட்டு மனுவைத் திங்கட்கிழமைகளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். வட ஆற்காடு என்ற பழைய கணக்கில் ஆம்பூர், ஆற்காடு பக்கத்திலிருந்தும் இன்னும் இங்கு வந்துவிடுகிறார்கள். வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட 2019-க்குப் பின் அவர்கள் முறையே திருப்பத்தூர், இராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகங்களுக்குத்தான் செல்ல வேண்டும். மனுவின் நகலையும் எண் இட்ட ரசீதையும் கையோடு வாங்கி வையுங்கள். மறுமுறை கேட்கப் போகும்போது அந்த எண்ணைக் கொண்டுதான் உங்கள் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தேடுவார்கள்.