ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை வேதபாடக் கூட்டத்தில் நடத்துவது எப்படி

தேவன் சிலரை இரட்சிப்புக்கென்று முன்குறித்தாரா, அல்லது விசுவாசிப்பதும் மறுப்பதும் மனிதனின் சுயசித்தத்தைச் சார்ந்ததா என்ற வாக்குவாதம், வேதபாடக் கூட்டங்களில் பெரும்பாலும் ரோமர் 9-ஆம் அதிகாரத்தை எடுக்கும்போதுதான் மூளுகிறது. நடத்துகிறவர் ஆயத்தமின்றி வந்தால் இரு தரப்பாரும் மனம் கசந்து வீட்டுக்குப் போவார்கள்.

முதலில், 9-ஆம் அதிகாரத்தைத் தனியே எடுக்காதீர்கள். 9 முதல் 11 வரையுள்ள மூன்று அதிகாரங்களையும், அதாவது மொத்தம் 90 வசனங்களையும், எந்த விளக்கமும் சொல்லாமல் ஒரே அமர்வில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். தன் இனத்தார் கிறிஸ்துவை ஏற்கவில்லையே என்ற இந்த நிருபத்தை எழுதிய பவுலின் மனவேதனையில் தொடங்கும் பகுதி, தேவ ஞானத்தின் ஆழத்தைக் கண்டு வியக்கும் துதியில் முடிவதைக் கேட்பவர்கள் தாங்களே உணர்வார்கள். விரும்புகிறவனாலும் ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம் என்று 9:16-இல் எழுதியவரே, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான் என்று 10:13-இல் எழுதுகிறார்.

அடுத்ததாக, பவுல் கையாளும் பழைய ஏற்பாட்டு வசனங்களை அவற்றின் மூல இடத்திலேயே திறந்து பாருங்கள். அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்ததாகச் சொல்லும் வசனம் மல்கியா 1-ஆம் அதிகாரத்தில் ஏசாவின் சந்ததியான ஏதோம் என்ற தேசத்தைக் குறித்து வருகிறது. ஆனால் பிள்ளைகள் பிறக்குமுன்னே, நன்மை தீமை செய்யுமுன்னே என்று பவுல் அழுத்திச் சொல்வதால், 'இது ஜாதிகளை, அதாவது தேசத்தாரை, பற்றியது மட்டும்' என்று கேள்வியை மூடிவிடவும் முடியாது. குயவனும் களிமண்ணும் வரும் எரேமியா 18-இல், ஒரு ஜாதி மனந்திரும்பினால் தாமும் தீங்கு செய்யாதிருப்பதாகக் கர்த்தர் சொல்கிறார். எகிப்தின் அரசனான பார்வோனின் இருதயத்தைக் கர்த்தர் கடினப்படுத்தப்போவதாக யாத்திராகமம் 4:21 முன்னறிவிக்கிறது. யாத்திராகமம் 8:15-இல் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். யாத்திராகமம் 9:12-இல் கர்த்தர் கடினப்படுத்துகிறார். ஒவ்வொரு தரப்பும் தனக்கு உதவும் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், மூன்றையும் ஒரே தாளில் எழுதி எல்லார் கையிலும் கொடுங்கள்.

முன்குறித்தலை வலியுறுத்திய கால்வின், மனிதன் கிருபையை ஏற்கவும் மறுக்கவும் முடியும் என்ற அர்மீனியஸ் என்ற இரு இறையியலாளர்களின் பெயர்களை இதன்பின்பே எடுங்கள். அர்மீனியஸ் 1609-இல் இறந்தபின், அவரைப் பின்பற்றிய நெதர்லாந்துப் போதகர்கள் 1610-இல் ஐந்து கோட்பாடுகளை முன்வைத்தார்கள். 1618 நவம்பர் முதல் 1619 மே வரை கூடிய டார்ட் பேரவை என்ற நெதர்லாந்துத் திருச்சபை மன்றம் அவற்றுக்கு மறுப்பு எழுதியது. 'கால்வினின் ஐந்து கோட்பாடுகள்' என்று இன்று சொல்லப்படுபவை, 1564-இலேயே மறைந்துவிட்ட கால்வின் தொகுத்த பட்டியல் அல்ல, இந்தப் பதிலிலிருந்து வந்தவையே. அர்மீனியர்கள் மனிதன் தன் பலத்தால் இரட்சிக்கப்படுவதாகப் போதித்தார்கள் என்று யாராவது சொன்னால், விசுவாசம் மனிதனிடமிருந்து தானாகப் பிறப்பதில்லை, கிருபை வேண்டும் என்று அவர்களுடைய மூன்றாம் கோட்பாடே கூறுவதைக் காட்டுங்கள். மறுதரப்பு மனிதனைப் பொம்மையாக்குகிறது என்று சொன்னால், கிருபை மனிதரை மரக்கட்டைகளைப்போல நடத்துவதில்லை என்றும், சுவிசேஷம் எல்லாருக்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்றும் டார்ட் பேரவையே எழுதியிருப்பதைக் காட்டுங்கள். எதிர்த்தரப்பாரின் நிலையை அவர்களே 'ஆம், எங்கள் விசுவாசம் இதுதான்' என்று ஒத்துக்கொள்ளும்படி எடுத்துரைக்க முடியாதவர், அதை மறுக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தமிழில் பேசும் நமக்குத் தனியாக ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 'முன்குறித்தல்' என்றதும் நம் காதில் தலையெழுத்து என்றே விழுகிறது. ஆளற்ற விதியைப் பற்றி அல்ல, இரங்குகிற ஒருவரைப் பற்றியே பவுல் பேசுகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

'நான் தெரிந்துகொள்ளப்பட்டிருக்கிறேனா?' என்று நடுங்கிக் கேட்பவருக்கு வாதம் பதிலாகாது. தெரிந்துகொள்ளுதலைக் காணும் கண்ணாடி கிறிஸ்துவே, உங்களுக்குள்ளே தேடாதீர்கள் என்ற கால்வினின் ஆலோசனையை எந்தத் தரப்பாரும் அவருக்குச் சொல்லலாம். விசுவாசியாத தாயையோ மகனையோ நினைத்து ஒருவர் கண் கலங்கினால், மீதிப் பாடத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டு, ரோமர் 10:1-இல் பவுல் இஸ்ரவேலுக்காக விண்ணப்பம் செய்ததுபோல, அந்த உறவினரின் பெயரைக் கேட்டு அவருக்காக எல்லாரும் சேர்ந்து ஜெபியுங்கள்.