பார்க்கிங் வேலி ஓரம் வராமல் தடுத்த கதை

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வணிக வளாகத்தின் பார்க்கிங். அதை வேலி ஓரம் வரை நீட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினோம். அதிகாரி தலையாட்டினார், ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. "தொந்தரவு" என்று சொன்னால் கோப்பில் ஏறாது என்று அன்றுதான் உறைத்தது.

பிறகு இரண்டு வாரம் மாடியிலிருந்து காலி இடங்களை எண்ணினோம், நேரம் குறித்து, படத்தோடு. பக்கத்து வீட்டு அக்காதான் நோட்டு வைத்துக்கொண்டார். கூட்டம் அலைமோதும் நேரத்தில்கூடக் கடைசி இரண்டு வரிசை நிரம்பவில்லை. இடம் போதவில்லை என்ற வாதம் அங்கேயே நொண்டியது.

செல்போன் செயலியில் வண்டிச் சத்தத்தை டெசிபல் கணக்கில் அளந்தது மட்டும் வீண். சான்று பெற்ற கருவி இல்லையென்று ஒதுக்கிவிட்டார்கள்.

கைகொடுத்தது மழைக் கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர மீட்டர் மண்ணைத் தார் போட்டு மூடினால், 50 மில்லிமீட்டர் மழைக்கு 50,000 லிட்டர். சரிவோ எங்கள் பக்கம். வரைபடத்தில் வடிகாலே இல்லை. "இது எங்கே போகும்?" என்றேன். அப்போதுதான் அதிகாரி பேனாவைத் திறந்தார்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன், ஒரு வரிசை வந்துவிட்டது. ஆனால் வடிகால், மர வரிசை, கீழ்நோக்கிய விளக்கு, இரவில் கதவுப் பூட்டு எல்லாம் அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக ஏறின. படுக்கையறைச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் இப்போது ஓடுவதில்லை.