வலியும் வயிறும் சேர்ந்து கிளம்பும்போது

ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நீடிக்கும் வலி நோய்) வலி ஏறும் நாட்களில் என் வயிறும் சும்மா இருக்காது. உப்புசம், முறுக்கு, கழிப்பறைக்கு ஓட்டம் என எரிச்சல் குடல் நோயும் (IBS) கிளம்பிவிடும். இரண்டிலும் நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கிக் காட்டுவதால் பலருக்கு இவை சேர்ந்தே வருகின்றன.

எனக்கு அதிகம் உதவியது, உணவியல் நிபுணர் மேற்பார்வையில் எடுத்த குறை ஃபாட்மேப் உணவுமுறை, அதாவது குடலில் சரியாகச் செரிக்காமல் வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்து, சர்க்கரை வகைகளைக் குறைப்பது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாவற்றையும் நிறுத்தி, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். பூண்டுதான் வில்லன், பால், பாவம், ஒன்றும் செய்யவில்லை. நிறுத்தும் கட்டம் 2 முதல் 6 வாரம்தான், ஆயுளுக்கும் அல்ல.

வலிக்கு வெந்நீர்ப் பை, மெதுநடை. உடம்பு தேறிய நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. தெம்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுகிறேன்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் இதெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.