விந்து முந்துதலும் அடியிடுப்பு வலியும்: எங்கிருந்து தொடங்குவது

விந்து முந்துவதும், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே வலியோ இறுக்கமோ இருப்பதும் சேர்ந்து வந்தால், லேகியம் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் அழற்சி இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். காய்ச்சலோ, சிறுநீரில் இரத்தமோ, விதையில் திடீர் வலியோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொற்று இல்லையென்றால் அடியிடுப்புத் தசையிலிருந்து தொடங்கலாம். எல்லோரும் பரிந்துரைக்கும் கீகல் பயிற்சியை, அதாவது அந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை, வலி உள்ளவர் எடுத்தவுடன் செய்வது சரியல்ல. ஏற்கெனவே இறுகியிருக்கும் தசை மேலும் இறுகக்கூடும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, சிறுநீர் கழிக்கத் தொடங்கும் கணத்தில் அடியில் ஏற்படும் அந்தத் தளர்வைக் கொண்டுவர முயலுங்கள். நாளுக்கு 5 நிமிடம் போதும். இரவில் இளஞ்சூடான நீருள்ள அகன்ற தொட்டியில் 10 முதல் 15 நிமிடம் அமர்வதும் இதம் தரும்.

முந்துதலுக்கு, 1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற மருத்துவர் விவரித்த முறை இன்றும் பயன்படுகிறது: உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, உணர்ச்சி தணிந்ததும் மீண்டும் தொடங்க வேண்டும். துணைவியிடம் முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

ஆயுர்வேத மருத்துவர்கள் அசுவகந்தா என்னும் அமுக்கராக் கிழங்கைத் தருவதுண்டு. அது தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் ஓரளவு உதவலாம். முந்துதலையே தீர்க்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தைராய்டு மாத்திரை உட்கொள்பவரும் கல்லீரல் நோய் உள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.